மழை பெய்தால் பிக்கப் கேபினுக்குள் தண்ணீர் நிற்கிறது. எந்த வழியாக வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன் கண்ணாடியில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் சொன்னது இதுதான்: ஆறு வருடம் காய்கறி லோடு அடித்த சிங்கிள் கேபின் பிக்கப். நிறுத்தியிருக்கும்போது நல்ல மழை பெய்த மறுநாள் கிளீனர் பக்கக் காலடியில் விரித்த மேட்டைத் தூக்கினால் தண்ணீர் நிற்கிறது. மெக்கானிக் முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் அடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. இப்போது கண்ணாடியையே கழற்றி மறுபடி ஒட்டிவிடலாம் என்கிறார். கண்ணாடிதான் காரணம் என்பதற்கு இதில் ஒரு ஆதாரமும் இல்லை. தண்ணீர் நிற்கிற இடம் தெரிகிறது, நுழைகிற இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். டாப்பின், அதாவது கேபின் கூரையின், பின்மூலையில் நுழைந்த தண்ணீர் கூரைத் துணிக்கு மேலேயே ஊர்ந்து, பிரேக் அடிக்கும்போது முன்னால் வழிந்து, கண்ணாடி ஓரத் தூணுக்குள் இறங்கி, காலடியில் வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கண்ணாடி ஒழுகுவது போலவே இருக்கும்.

பாடி வேலை பார்க்கிற எங்களுக்கு ஐப்பசி பிறந்தால் இந்த மாதிரி வண்டிகள் வரிசையாக வரும். வருகிறவர்கள் எல்லோரும் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுவார்கள். நான் கேட்பது எப்போது ஒழுகுகிறது என்று. பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஏசி போட்டு ஓட்டிய நாளில் மட்டும் காலடி நனைந்தால் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால், பெரும்பாலும் கிளீனர் பக்கமாக, கூலிங் காயில் இருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து சொட்டும். புழுக்கமான நாளில் மணிக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர்கூட. அந்தத் தண்ணீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக, கேபினையும் இன்ஜினையும் பிரிக்கிற நடுத்தகட்டைத் தாண்டி இன்ஜின் பக்கம் கீழே விழ வேண்டும். ஏசி வண்டியை நிறுத்தினால் தரையில் ஒரு ஈரத் திட்டு விழுமே, அதுதான். புழுக்கத்திலும் அந்தத் திட்டு விழவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. தூசியும் பஞ்சு அழுக்கும் சேர்ந்து அடைக்கும். சில வண்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அடியிலிருந்து வளையக்கூடிய நைலான் ஒயரை விட்டு மெதுவாகக் குத்தினால் தேங்கிய தண்ணீர் கொட்டிவிடும், முகத்தை மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றை முழு வேகத்தில் கீழிருந்து அடிக்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றுகொண்டால் டேஷ்போர்டைப் பிரிக்கிற செலவு வரும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட புது சரக்கு லாரிகளுக்குத்தான் 2025 முதல் ஏசி கேபின் கட்டாயம், நம் பிக்கப்கள் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் புது பிக்கப்களில் ஏசி சகஜமாகிவிட்டதால் வெயில் காலத்திலேயே இந்தப் புகார் வருகிறது.

அடுத்தது, தண்ணீரையே பாருங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழவென்று இருந்து, பச்சையோ சிவப்போ சாயம் தெரிந்து, லேசாக இனிப்பு வாடை அடித்தால் அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட். ஹீட்டர் உள்ள வண்டியில் டேஷ்போர்டுக்குள் இருக்கும், கூலண்ட் ஓடுகிற ஹீட்டர் கோர் கசிகிறது. முன் கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மங்கலாகும், ரேடியேட்டர் அளவும் குறையும். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம், கூலண்ட் விஷம். செம்மண் கலந்து கலங்கலாக இருந்தால் மேலிருந்து வரவில்லை, சக்கரம் அடிக்கிற தண்ணீர் தரைத்தகட்டு ஓட்டை வழியாக ஏறுகிறது. தெளிந்த தண்ணீர் என்றால்தான் மழை.

மழைத் தண்ணீரிலும் நிற்கும்போது வருவது ஒன்று, ஓடும்போது மட்டும் வருவது இன்னொன்று. ஓடும்போது மட்டும் என்றால் கதவு ஓரத்து பீடிங் ரப்பர், கண்ணாடி ஓரம், அடித்தகடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். காற்று தள்ளுகிற வேகத்தில் மட்டுமே வழிவிடும் சின்னச் சந்துகள் உண்டு. நிற்கும்போது வருவது உங்களுடையது மாதிரி. அதில் வண்டி எந்தச் சாய்வில் நின்றது என்பது முக்கியம். மூக்கு மேட்டிலும் வால் பள்ளத்திலும் நிற்கிற வண்டியைத் திருப்பி நிறுத்தி, அடுத்த மழையில் ஈரம் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை இது. மாறினால் தண்ணீர் எங்கேயோ தேங்கி வழிகிறது என்று அர்த்தம்.

உங்கள் வண்டிக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது வைப்பருக்கு அடியில் இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் சல்லடை மூடி. அதற்குக் கீழே கேபின் அகலத்துக்கு ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. முன் கண்ணாடியில் வழிகிற மழை முழுக்க அதில் விழுந்து, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாக மட்கார்டுக்குப் பின்னால் கீழே இறங்க வேண்டும். கேபினுக்குள் காற்றை ஊதுகிற புளோவருக்கு வெளிக்காற்று போகிற வாயும் அதே தொட்டியில்தான் திறக்கிறது, நம் ஊர் வண்டிகளில் அனேகமாகக் கிளீனர் பக்கம். தண்ணீர் உள்ளே போகாதபடி அந்த வாய்க்கு ஒரு விரல் உயரத்துக்கு வரப்பு மாதிரி விளிம்பு வைத்திருப்பார்கள். வடிகால் அடைத்தால் தொட்டி நிரம்பும், விளிம்பைத் தாண்டும், புளோவர் பெட்டிக்குள் இறங்கும், கிளீனர் காலில் வந்து நிற்கும்.

அடைப்பதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. புளியமர நிழலில் நிறுத்துகிற வண்டி என்றால் பார்க்காமலே சொல்லிவிடலாம். அந்த இலை எந்தச் சல்லடையிலும் நுழைந்துவிடும். புழுதியோடு சேர்ந்து மட்கிக் கருப்புச் சேறாகிப் போகும். மார்க்கெட்டில் நிற்கிற வண்டிகளில் வெங்காயச் சருகு கிடக்கும். சல்லடையைக் கழற்றிக் கையை விட்டு அள்ளினால் எரு மாதிரி வரும். ஒரு வண்டியில் அரசஞ்செடியே முளைத்து நின்றது.

சோதிப்பது சுலபம். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரை மெதுவாகத் தொட்டியில் ஊற்றுங்கள். முன் சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உடனே கொட்ட வேண்டும். ஒரு பக்கம் கொட்டாமல் தொட்டியில் மட்டம் ஏறினால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வடிகாலைத் துப்புரவு செய்யுங்கள். புளோவரைப் போட்டால் சரசரவென்று சத்தம், மட்கிய வாடை, சில சமயம் காற்று வாயிலிருந்து தண்ணீர்த் துளி தெறிப்பது, இவையும் இதே நோயின் அறிகுறிகள். சேற்றை அள்ளியபின் தொட்டியின் மூலைகளையும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தகடு சேர்கிற இடத்தில் மூட்டை அடைக்கக் கம்பெனி பூசிய சீலர் வெடித்திருந்தால், வடிகால் சுத்தமாக இருந்தாலும் உள்ளே கசியும்.

தொட்டி சரியாக இருந்தால் அடுத்தது கதவு. கதவுக்குள் தண்ணீர் போவது தப்பில்லை. கண்ணாடியை ஒட்டி வெளி ரப்பர் வழியாக எப்போதும் இறங்கத்தான் செய்யும். உள்ளே இறங்கியது கதவின் அடி ஓட்டைகள் வழியாக வெளியே போய்விட வேண்டும், அதுதான் ஏற்பாடு. கதவைத் திறந்து மூடும்போது சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அடி ஓட்டைகள் மண் அடைத்திருக்கின்றன, அல்லது துருப்பிடிக்காமலிருக்க அண்டர்கோட் அடித்தவர் ஓட்டைக்கும் சேர்த்து அடித்துவிட்டார். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

இதைவிட நான் அதிகம் பார்ப்பது டோர் பேடுக்கு, அதாவது கதவின் உட்பக்க அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள். உள் தகட்டில் நிறைய ஓட்டைகள் உண்டு; அவற்றை மூடி, தண்ணீரைக் கதவுக்குள்ளேயே கீழே இறக்கிவிடுவது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் போட்டவரோ கண்ணாடி ஏற்றும் மெஷினை மாற்றியவரோ அதைக் கிழித்து, பாதியை மடித்துவிட்டு, பேடை மாட்டி அனுப்பிவிடுவார். யாருக்கும் தெரியாது, மழை வரும்வரை. பேடின் கீழ் விளிம்பும் கதவுப்படியின் பிளாஸ்டிக்கும் ஈரமாக இருந்தால் இதுதான். கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, பிசுபிசுவென்று ஒட்டுகிற பியூட்டைல் ரப்பர் டேப்பால் சுற்றிலும் ஒட்டினால் தீர்ந்தது. கீழ் ஓரம் மட்டும் கதவுக்கு உட்புறமாகப் போய் விழுகிறதா என்று பார்த்து ஒட்டுங்கள்.

கதவுச் சட்டத்தின் பீடிங் ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிப்பு இருக்க வேண்டும்; ஒரு இடத்தில் சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கவில்லை. எப்போதும் ரப்பர்தான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. லோடுமேன் ஏறி இறங்குகையில் கதவில் தொங்கித் தொங்கிக் கீல் தளர்ந்திருக்கலாம், லாக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சரியாகலாம்.

டாப் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கு வண்டிக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது: வண்டி எடுத்த வாரத்திலேயே டாப்பில் ஓட்டை போடுவது. பெயர்ப்பலகை, கலர் லைட், ஏர் ஹாரன், வைசர், கேரியர், எல்லாம் டிரில் போட்டுத் திருகியதுதான். போட்ட அன்று வாஷரும் பேஸ்ட்டும் இருக்கும். இரண்டு மூன்று வெயில் பார்த்ததும் ரப்பர் வாஷர் பொடிந்து, திருகைச் சுற்றித் துரு வட்டம் கட்டிவிடும்.

ஓட்டுநர் பக்கக் காலடி நனைகிறது, மழையில் இண்டிகேட்டர் தானாக எரிகிறது என்று ஒரு வண்டி வந்தது. முன் கண்ணாடி ஏற்கெனவே வேறு இடத்தில் மாற்றி ஒட்டப்பட்டிருந்தது, ஒழுகல் மட்டும் அப்படியே. தூண் மூடியையும் கூரைத் துணியின் முன்பக்கத்தையும் இறக்கிவிட்டுப் பையனை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்தேன். கண்ணாடி ஓரம் முழுக்கத் தண்ணீர் விட்டும் ஒன்றும் வரவில்லை. டாப்பில் பெயர்ப்பலகையின் அடிக்கு ஹோஸைக் கொண்டுபோனதும் கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல்: "அண்ணே, ஒயர் மேல வருது!" போய்ப் பார்த்தால் தகட்டின் அடிப்பக்கம் திருகு முனையில் ஒரு துளி திரண்டு, பக்கத்தில் போகிற கலர் லைட் ஒயரைத் தொட்டு, அதன் டேப் சுற்றின்மேல் மெல்ல நகர்ந்து, தூணுக்குள் வளைந்து, நேரே ஃபியூஸ் பாக்ஸின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து அடைத்ததும் நின்றுவிட்டது. கேபினுக்குள் போகிற எந்த ஒயரும் நுழைவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலில் விழுந்துவிடும். வெளியே ஹாரன், ஃபாக் லேம்ப் போடுகிறவர்கள் நடுத்தகட்டில் ஓட்டை போட்டு, ஒயரைச் சுற்றி ஓட்டையை அடைக்கிற குரோமெட் ரப்பர்கூட இல்லாமல் ஒயரை நேராக உள்ளே தள்ளுவது எனக்குத் தீராத எரிச்சல்.

டாப்பின் இரண்டு ஓரமும் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தையும் பாருங்கள். ரப்பர் பட்டையைத் தூக்கினால் அடியில் தகடுகள் சேரும் மூட்டு தெரியும். தாங்க முடியாத லோடு ஏற்றிய வண்டிகளில், கேபினைச் சேஸிஸ் மேல் தாங்குகிற ரப்பர் மவுண்டுகள் நைந்த வண்டிகளில், இந்த மூட்டிலும் பின்சுவரின் மேல்மூலைகளிலும் சீலர் மயிரிழையாக வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டினால் தட்டும்.

பின்சுவரில் மூன்று இடங்கள். பின் கண்ணாடி ரப்பர். சீட்டுக்குப் பின்னால் கதவு மூடும்போது காற்று வெளியேறுவதற்காக வைக்கிற மடல் துவாரம், இருக்கிற வண்டிகளில். அதன் ஃபோம் விளிம்பு பொடிந்தால் மழை நேரே உள்ளே. மூன்றாவது, கேபின் உச்சியில் பின்னால் வைக்கிற மூன்றாவது பிரேக் விளக்கு. அமெரிக்காவில் 1994 மாடல் முதல் பிக்கப்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. அங்கே கேபின் ஒழுகினால் முதலில் கழற்றிப் பார்ப்பது அந்த விளக்கின் ஃபோம் கேஸ்கட்டைத்தான். டபுள் கேபின் வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம், பின்சீட்டுக்கு அடியில் நனைந்தால் குறிப்பாக.

இனி ஹோஸ் சோதனை. சீட்டைக் கழற்றுங்கள், மேட்டை எடுங்கள், தூண் மூடிகளையும் காலடி ஓர பிளாஸ்டிக்கையும் கழற்றுங்கள், தகடு தெரிய வேண்டும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். பழைய ஈரம் இருந்தால் புது ஈரம் தெரியாது. சந்தேகமான இடங்களுக்குக் கீழே முகப்பவுடரோ சாக்பீஸ் தூளோ தூவினால் துளி ஓடிய பாதை கோடாக நிற்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் வெளியே.

வாட்டர்வாஷ் பிரஷர் துப்பாக்கியைத் தொடாதீர்கள். அது நல்ல ரப்பரையும் தள்ளிக்கொண்டு போகும், இல்லாத ஒழுகலைக் காட்டும். சாதாரண ஹோஸ், மெதுவான ஓட்டம். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் தொட்டி, பிறகு கண்ணாடியின் அடி ஓரம், பக்கவாட்டு ஓரம், மேல் ஓரம், கதவு, கடைசியில் டாப். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் நனைந்துவிடும், எது என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து, பத்து நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே வழி நீளமாக இருந்தால் துளி வந்துசேர நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் ஹோஸை நகர்த்திவிட்டால், பழைய இடத்துத் துளி வரும்போது புது இடத்தின் மேல் பழி விழும்.

தண்ணீருக்கு அகப்படாத சந்துகளுக்குச் சோப்பு நுரை. கண்ணாடிகளை ஏற்றி, கதவை மூடி, புளோவரை வெளிக்காற்றில் வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டால் கேபினுக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடும். பின்சுவர் மடல் துவாரத்தை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். சந்து உள்ள இடத்தில் குமிழ் வரும்.

கண்டுபிடித்த பிறகு எதை வைத்து அடைப்பது? பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம். புளித்த காடி வாடை அடிக்கிற ரகம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, கண்ணாடி ஒட்டுகிற யூரித்தேன் பேஸ்ட்டும் ஒட்டாது. எபாக்சி மாவு கல்லாகிவிடும். கேபின் முறுக்கும்போது அதன் ஓரத்திலேயே புது விரிசல் விழும். தகட்டு மூட்டுக்குப் பாலியூரித்தேன் சீம் சீலர், விளக்கு, துவாரம், பிளாஸ்டிக் தாளுக்குப் பியூட்டைல் டேப், இரண்டும் பெயின்ட் கடையிலோ பாடி மெட்டீரியல் கடையிலோ கிடைக்கும். பழையதைச் சுரண்டி, துரு இருந்தால் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் எதையும் பூச வேண்டும்.

தரையில் உள்ளதை வெறுமனே துடைத்துவிட்டு மேட்டைப் போடாதீர்கள். மேலே வினைல் காய்ந்தாலும் அடியில் இருக்கும் சணல் மெத்தை நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே எடுத்து வெயிலில் மொறமொறவென்று காயப் போடுங்கள். தரைத்தகட்டில் ஒயர் ஜாயின்ட்டோ பிளக்கோ இருந்தால் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள், பச்சை பூத்திருக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் பிளக்குகளை நீங்களாகக் கழற்ற வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். தரையில் உள்ள ரப்பர் மூடிகளில் ஒன்றைத் திறந்தே வைத்தால் தண்ணீர் வடிந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். வடியும், மழை ரோட்டில் அதே வழியாகச் சேறும் ஏறும்.

இத்தனையும் பார்த்து, தொட்டியில் தண்ணீர் சரியாக இறங்கி, ஹோஸ் கண்ணாடி ஓரத்தில் நிற்கும்போதுதான் உள்ளே துளி வருகிறது என்று கண்ணால் பார்த்தால், அப்போது கண்ணாடியைக் கழற்றுங்கள். ரப்பர் பீடிங் போட்ட கண்ணாடி என்றால் அனேகமாக ரப்பரை மாற்றினாலே போதும். பேஸ்ட் போட்டு ஒட்டிய கண்ணாடி என்றால் மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே பூசிய சிலிக்கானைச் சுவடில்லாமல் எடுக்க வேண்டும், சட்டத்தில் துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்த பிறகே பேஸ்ட் போட வேண்டும், ஒட்டியபின் ஒரு நாளாவது வண்டி நகராமல் நிற்க வேண்டும். அன்றைக்கே லோடுக்கு எடுத்துப் போகலாம் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அதற்கு முன்னால் நாளைக் காலையில் அந்தச் சல்லடை மூடியைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் கொட்டியது, எந்தப் பக்கம் கொட்டவில்லை என்று எழுதுங்கள். மிச்சத்தை அதை வைத்துச் சொல்கிறேன்.